மேட்டுக்குப் போன பலகை

கேஸ் மாமா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. புதிதாகக் குடிவந்தவர்கள் மட்டும், அடுப்புக்கு சிலிண்டர் கொண்டுவந்து போடுகிற ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு தடவை ஒரு பெண்மணி அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "நேத்தே சொல்லி வச்சேன், இன்னும் வரல. பால் காய்ச்ச வழியில்லாம உக்காந்திருக்கேன்" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். அவர் முழுதும் கேட்டுக்கொண்டு, "நம்மகிட்ட இருக்கிற கேஸை அடுப்புல வைக்க முடியாதும்மா, அது வேற ரகம்" என்று சொல்லி அனுப்பினார்.

அவர் வேலை பார்த்தது தெருவின் நடுவில் இருந்த குடிநீர் நிலையத்தில். ஆற்றுத் தண்ணீர் பெரிய குழாயில் வந்து, மணல் தொட்டிகளில் வடிந்து, கடைசியில் அவர் கையால் குளோரின் கலந்துதான் வீடுகளுக்குப் போகும். நகரத்தில் பாதிப் பேர் காலையில் வாய் கொப்பளித்தது அவர் அளந்துவிட்ட தண்ணீரில். இதை அவர் சொல்லிக்கொள்ள மாட்டார். அவர் மனைவிதான் சொல்வாள், அதுவும் கோபம் வந்தால். "ஊருக்கே அளந்து ஊத்துற மனுஷனுக்கு வீட்டுக் குழாய் ஒழுகுறது கண்ணுக்குத் தெரியல பாரு."

குளோரின் வருவது பெரிய இரும்பு உருளைகளில். ஒவ்வொன்றும் ஆள் நீளம் இருக்கும், உள்ளே ஒரு டன் சரக்கு. காலியானதைக் கழற்றிப் புதியதை மாட்டும் நாளில் அவரைப் பார்க்க வேண்டும். சட்டைப் பையில் இருப்பதையெல்லாம் எடுத்து மேஜையில் வைப்பார். முகமூடியைத் துடைத்து, இறுக்கி, மூச்சு இழுத்துப் பார்ப்பார். இணைப்பில் போடுகிற ஈய வாஷரை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்த மாட்டார். பழையது பார்க்கப் புதிதாக இருந்தாலும் அப்படித்தான். மாட்டி முடித்ததும், குச்சியில் சுற்றிய துணியை அம்மோனியாவில் நனைத்து இணைப்பைச் சுற்றிக் காட்டுவார். எங்காவது துளி கசிந்தால்கூட வெள்ளைப் புகை எழும்பிக் காட்டிக்கொடுத்துவிடும். புகை வராவிட்டால் துணை ஆளைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். துணை ஆள் என்பவர் அதே தெருக்காரர், அவரோடு பதினெட்டு வருடமாக வேலை செய்பவர். பேசாத மனிதர், இவரும் பேசச் சொல்லி வற்புறுத்தியதில்லை. உருளைகள் இருக்கும் அறைக்குள் தனியாக ஒருவர் நுழையக் கூடாது என்பது விதி. அதனால் இருவரும் சேர்ந்தே போவார்கள், சேர்ந்தே வருவார்கள்.

இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்க்கிற மனிதருக்குத் தெருவில் கிடைத்த மரியாதையைக் கேளுங்கள். "என்ன மாமா, இன்னைக்குத் தண்ணி நாறுதே?" "உங்க குண்டு எப்ப வெடிக்கும்?" "ராத்திரி இருமல் வந்துச்சு, உங்க வேலைதானே?" எல்லாரையும்விட அதிகம் கேட்டவர் எதிர்வீட்டு சலவைக்கடைக்காரர். துணியில் கறை எடுக்கும் அமிலத்தைப் பழரச பாட்டிலில் ஊற்றி, குளியலறையில் சோப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தவர் அவர். அது அவருக்குப் பயமாகத் தெரியவில்லை. தன் கையால் வாங்கித் தன் கையால் வைத்ததாயிற்றே. அடுத்தவன் சுவருக்குள் வைத்திருப்பதுதான் ஆபத்து. மனித மனசு அப்படி, அவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்?

இத்தனை கேள்விக்கும் கேஸ் மாமாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. "ஒண்ணும் ஆகாது." சிரித்துக்கொண்டே சொல்வார். இருபத்தாறு வருடம் அதையே சொன்னார். கேட்டவர்கள் நம்பினார்களா என்று அவர் பார்த்ததில்லை. சொன்னதும் வாயை மூடிக்கொண்டு போனார்கள், அவருக்கு அது போதுமாக இருந்தது.

அந்தப் பதில் செல்லுபடியாகாத ஒரே ஆள் அவர் வீட்டுக்குள் வந்து சேர்ந்தாள். அவர் மருமகள்.

மகனுக்கு அச்சகத்தில் வேலை. மருமகள் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் போடுபவள். இருவரும் நகரத்தின் மறுகோடியில் ஒற்றை அறையில் இருந்தார்கள். அவள் உண்டானதும் மாமனாரும் மாமியாரும் தலைகால் புரியாமல் ஆனார்கள். மாடியில் சும்மா கிடந்த அறையை மாமா தன் கையால் வெள்ளையடித்தார். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தார். குழந்தை பிறந்ததும் இவர்கள் இங்கே வந்துவிட வேண்டும், மருமகள் வேலைக்குப் போகும்போது குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்வாள் என்று திட்டம். மகன் உடனே சரி என்றான். மருமகள் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாள் சாப்பிட்டுக் கைகழுவிய கையோடு அவளே பேச்சை எடுத்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளும்மா."

"அந்த நிலையத்துக்கும் இந்த வீட்டுக்கும் எத்தனை அடி இருக்கும்?"

"இருக்கும் ஒரு இருநூறு அடி. ஏன்?"

"அங்க கசிஞ்சா இங்க வர எவ்வளவு நேரம் ஆகும்?"

மாமா சிரித்தார். "ஒண்ணும் ஆகாதும்மா."

"ஆகாதுன்னா எதுக்கு முகமூடி போட்டுக்கிறீங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாள். மகன் தட்டைப் பார்த்தான். மாமியார் தண்ணீர் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள். மருமகள் குரலை உயர்த்தவில்லை. "எனக்கு இங்க வர ஆசைதான் மாமா. அத்தை கையில குழந்தையைக் குடுத்துட்டு வேலைக்குப் போறதைவிட நிம்மதி எதுல இருக்கு? ஆனா தெரியாத இடத்துல குழந்தையைத் தூங்க வைக்க எனக்கு மனசு வரல. தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்றேனே."

அன்றைக்கு மாமாவுக்குக் கோபம் வந்தது உண்மை. இரண்டு நாள் உம்மென்று இருந்தார். இத்தனை வருடம் ஒரு குறை வைக்காமல் வேலை பார்த்தவனை நேற்று வந்த பெண் கேள்வி கேட்கிறாளே என்றிருந்தது. மூன்றாவது நாள் கோபம் தணிந்து பயம் வந்தது. வெள்ளையடித்த அறை அப்படியே காலியாகக் கிடந்துவிடுமோ என்ற பயம். பேரக்குழந்தையை வாரத்துக்கு ஒரு தடவை விருந்தாளி மாதிரி போய்ப் பார்க்க வேண்டியதாகிவிடுமோ என்று இன்னொரு பயம். பொறியாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் மருமகளை நிலையத்துக்கு அழைத்துப் போனார்.

ஐந்து மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவள் எல்லாவற்றையும் நின்று பார்த்தாள். குளோரின் அறைக்குள் மட்டும் அவர் விடவில்லை, கண்ணாடி வழியாகக் காட்டினார். வெளியே வைத்து ஈய வாஷரைக் கையில் கொடுத்தார். அம்மோனியாக் குச்சி எப்படி வேலை செய்கிறது என்று சொன்னார். காற்றடிக்கும் திசையைச் சொல்லும் துணிப்பையைக் காட்டினார், அது கூரைக்கு மேல் கம்பத்தில் அசைந்துகொண்டிருந்தது. அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். சின்ன நோட்டில் குறித்துக்கொண்டாள். மாமாவுக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. இப்படி நின்று கேட்ட ஆள் இதுவரை யாரும் இல்லை, ஆய்வுக்கு வந்த அதிகாரிகள்கூட டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போனவர்கள்தான்.

"இந்த கேஸ் கசிஞ்சா மேல போகுமா, கீழ போகுமா?" என்று கேட்டாள்.

"கீழதான். காத்தைவிடக் கனம். தரையோட தரையா தண்ணி மாதிரி ஓடி, பள்ளம் எங்க இருக்கோ அங்க போய்த் தேங்கும்." இதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்.

"கசிஞ்சா தெருவுல இருக்கிறவங்க எங்க போகணும்?"

"அதுக்கு பலகை வச்சிருக்கோமே. வா, காட்டுறேன்."

நிலையத்துக்குப் பின்னால் தெரு சரிந்து இறங்கும். இறங்கின இடத்தில் பிள்ளைகள் பந்து விளையாடும் திடல். அதன் நடுவில் இரண்டு இரும்புக் கால்களில் பச்சைப் பலகை. 'அவசர காலத்தில் இங்கே கூடவும்' என்று வெள்ளை எழுத்து. எழுத்து மங்கும்போதெல்லாம் மாமாவே தூரிகையால் மேல்பூச்சு பூசி வைத்திருந்தார். பதினாலு வருடத்துக்கு முன்னால் ஒரு வாரத்துக்குள் பலகை வைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தபோது, அதை நட்டதும் அவர்தான்.

மருமகள் பலகையைப் பார்க்கவில்லை. திடலைச் சுற்றியிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடியது.

"இது என்ன மாமா கோடு?"

"மழைத்தண்ணி நிக்கிற கோடு. பெரிய மழை பேஞ்சா இங்க இவ்வளவு நிக்கும். மொத்தத் தெருத் தண்ணியும் இங்கதான் வந்து..."

மாமா பாதியில் நிறுத்தினார். ஒரு பையன் உதைத்த பந்து பலகையின் காலில் பட்டுத் திரும்பியது.

அந்த நிமிடம் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது என்று சொன்னால் போதாது. கேஸ் பள்ளத்தில் தேங்கும் என்பது அவருக்குத் தெரியும். இந்தத் திடல் பள்ளம் என்பதும் தெரியும். ஒவ்வொரு மழைக்கும் பம்பு வைத்துத் தண்ணீரை வெளியேற்றியதே அவர்தான். இரண்டையும் சேர்த்து ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. ஏன் இங்கே நட்டோம் என்று யோசித்தார். காரணமும் உடனே நினைவுக்கு வந்தது. மண் எப்போதும் ஈரமாக இருக்கும், குழி தோண்டச் சுலபம். மேட்டில் பள்ளிக்கூட மைதானத்தில் நடலாம் என்று துணை ஆள் சொன்னபோது, அங்கே பாறை, கடப்பாறை இறங்காது என்று சொல்லித் தடுத்தவரும் இவரே.

"என்னால நம்ப முடியலம்மா" என்றார். "நான் நட்டது. நானே பெயின்ட் அடிச்சு வச்சது."

மருமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப தெரிஞ்சிடுச்சே மாமா."

"நீ இனிமே இங்க வர மாட்ட, அதானே?"

"நான் மேட்டுப் பக்கம் ஓடிக்குவேன், அது பிரச்சினை இல்ல. எனக்கு மட்டும் தெரிஞ்சா போதுமா? பக்கத்து வீட்டுக்காரங்க பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டுப் பலகையைப் பாத்துக் கீழ ஓடுவாங்க. அதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு நான் எப்படி இந்தத் தெருவுல குடியிருக்கிறது? நீங்க எல்லார்கிட்டயும் சொல்லுங்க மாமா. சொன்னா நான் வர்றேன்."

திங்கட்கிழமை அவர் பொறியாளரிடம் போய் நின்றார். பொறியாளர் நல்ல மனிதர்தான், ஆனால் சத்தம் வருகிற எந்தக் காரியத்துக்கும் கிட்டே போகாதவர். கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"மாத்தணும், சரிதான். சத்தமில்லாம ஒரு நாள் பிடுங்கி மேல நட்டுடுங்க. யாராவது கேட்டா ரோடு வேலைன்னு சொல்லிக்கலாம்."

"சொல்லாம மாத்தினா யாருக்கு சார் தெரியும்? பழக்கத்துல கீழதான் ஓடுவாங்க."

"தேன்கூட்டுல கல்லை எறியாதீங்க. தப்பா வச்சோம்னு நாமளே சொன்னா, நிலையத்தையே எடுத்துட்டுப் போன்னு நிப்பாங்க. அப்புறம் ஊருக்குத் தண்ணிக்கு என்ன பண்றது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மாமா ஒரு வாரம் இதை மென்றுகொண்டே இருந்தார். சாப்பாடு இறங்கவில்லை. மனைவி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு நாள் தட்டை நங்கென்று வைத்தாள். "சொல்றதுன்னா சொல்லுங்க. இல்லன்னா சாப்பிடுங்க. ரெண்டும் இல்லாம சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தா எனக்குத்தான் பைத்தியம் பிடிக்குது." பிறகு குரலை இறக்கி, "தெரு திட்டினா திட்டிட்டுப் போகட்டும். திட்டு வாங்கி நமக்கு ஒண்ணும் புதுசில்ல" என்றாள்.

பொறியாளரிடம் மறுபடி போய், "நானே சொல்லிக்கிறேன் சார், நட்டது நான், திட்டும் எனக்கே வரட்டும்" என்றார். பொறியாளர் நீண்ட மூச்சு விட்டார். "நானும் வர்றேன். தனியா விட்டா நல்லா இருக்காது" என்றார். இதை அவரிடம் மாமா எதிர்பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை தெரு மொத்தமும் திடலில் கூடியது. குடிநீர் நிலையத்திலிருந்து கூப்பிட்டால் தண்ணீர் நிறுத்தப் போகிறார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்து வந்தார்கள். மகனும் மருமகளும் வந்திருந்தார்கள். மாமா பலகைக்குப் பக்கத்தில் நின்றார். சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டிருந்தார். பேச்சைச் சுற்றி வளைக்க அவருக்குத் தெரியாது.

"இந்தப் பலகையை நட்டவன் நான். தப்பான இடத்துல நட்டுட்டேன். கேஸ் கசிஞ்சா இந்தப் பள்ளத்துலதான் வந்து நிக்கும். நீங்க ஓட வேண்டியது இங்க இல்ல, மேல பள்ளிக்கூடத்துக்கு. பதினாலு வருஷமா தப்பா காட்டியிருக்கேன். மன்னிச்சுக்கோங்க."

அடுத்த நொடி எல்லாரும் பேசினார்கள்.

"அடப்பாவி மனுஷா!" என்று எகிறினார் சலவைக்கடைக்காரர். "நாங்க சாகறதுக்கு இடம் பாத்துப் பலகை வேற வச்சியா?"

"ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்களே மாமா, இத்தனை வருஷமா!"

"இந்த நிலையமே வேண்டாம். எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க!"

பொறியாளர் முகத்தில் ஈயாடவில்லை. மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எல்லாரும் கத்தி முடிக்கும் வரை நின்றார். கத்திக் களைத்த பிறகு ஒரு பெண் கேட்டாள், "இதுவரைக்கும் எத்தனை தடவை கசிஞ்சிருக்கு? உள்ளதைச் சொல்லுங்க."

"பதினோரு தடவை" என்றார் மாமா. "எல்லாம் சின்னது. அறையை விட்டு வெளிய வந்ததில்ல. ரெண்டு தடவை எனக்கு மட்டும் நெஞ்சு பிடிச்சு ஒரு வாரம் இருமிக்கிட்டு இருந்தேன்."

கூட்டத்தின் நடுவிலிருந்து அவர் மனைவி குரல் வந்தது. "ஜலதோஷம்னு சொன்னீங்களே! ரெண்டு தடவையும் ஜலதோஷம்னுதானே சொன்னீங்க!"

தெருவே திரும்பி அவளைப் பார்த்தது. யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு இன்னொருவர். மாமா காது மடல் சிவக்க நின்றார். மனைவி சிரிக்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது, வீட்டுக்கு வாங்க பேசிக்கிறேன் என்று அந்தப் பார்வை சொன்னது. ஆனால் அந்தச் சிரிப்போடு கூட்டத்தின் சூடு இறங்கிவிட்டது. உள்ளதைத்தான் சொல்கிறார், பெண்டாட்டியிடம்கூட மறைத்ததை நம்மிடம் சொல்கிறார் என்று தெருவுக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் கேள்விகள். குளோரின் கலக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டார். தான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், சரக்கு வராமல் மூன்று நாள் சும்மா தண்ணீர் விட்டதை மாமா சொன்னார். அந்த வாரம் மருத்துவமனையில் கட்டில் போதாமல் நடைபாதையில் பாய் விரித்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்திருந்தார்கள். வயிற்றுப்போக்கு. அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், அதற்குப் பிறகு ஒரு வேளைகூட அளவு தவறவிட்டதில்லை. எத்தனை உருளை உள்ளே இருக்கிறது என்று கேட்டார்கள். ஆறு என்றார். எத்தனை தேவை என்று மருமகள் கேட்டாள். மாமா பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டு போதும், அடிக்கடி லாரி வருவது தொல்லை என்றுதான் மொத்தமாக இறக்கி வைப்பது என்றார். "அந்தத் தொல்லையை நீங்க படுங்க சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். இனிமேல் இரண்டுதான் என்று பொறியாளர் அங்கேயே ஒத்துக்கொண்டார்.

நிலையத்தை எடுக்கச் சொல்லி அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. பயம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் பேயைப் பார்த்துப் பயப்படுவது வேறு, நாலு தெருக் கூடுகிற இடத்தில் வண்டி வருகிறதா என்று பார்த்து நடப்பது வேறு. இதற்கு முன் முதலாவது இருந்தது, இப்போது இரண்டாவது வந்தது. சலவைக்கடைக்காரர் அன்று சாயங்காலமே பழரச பாட்டிலில் இருந்ததைக் கெட்டியான கேனுக்கு மாற்றி, பெரிய எழுத்தில் அமிலம் என்று எழுதி, பூட்டு போட்டு வைத்தார். இதை அவராக யாரிடமும் சொல்லவில்லை. அவர் மனைவி தெரு முழுக்கச் சொன்னாள்.

பாறையில் குழி தோண்ட நான்கு நாள் ஆயிற்று. மாமாவும் துணை ஆளும் மாறி மாறிக் கடப்பாறை போட்டார்கள். மகன் லீவு போட்டு வந்தான். தெரு ஆண்கள் சிலரும் வந்து கைகொடுத்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில் பலகை நின்றது. உள்ளங்கையில் கொப்புளத்தோடு மாமா வீட்டுக்கு வந்தபோது, மனைவி மருந்து தடவிக்கொண்டே, "இது ஜலதோஷமா?" என்று கேட்டாள்.

மருமகள் சொன்ன சொல் தவறவில்லை. பிரசவம் முடிந்து மருத்துவமனையிலிருந்து நேரே மாடி அறைக்குத்தான் வந்தாள். பெண் குழந்தை. மாமா வேலை முடிந்து வந்தால் சட்டையை மாற்றி, கை கால் முகம் கழுவி, அதற்குப் பிறகுதான் குழந்தையைத் தொடுவார். மனைவி ஏதாவது சொன்னால்கூடக் காதில் விழாது, குழந்தை தும்மினால் மட்டும் விழும். அவர் சந்தோஷமாக இருந்தார். அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை. தெருவில் யாராவது தண்ணீர் நாறுகிறது என்று சொன்னால் இப்போது நின்று, அளவுக் கருவியைக் கொண்டுவந்து, அவர்கள் வீட்டுக் குழாயிலேயே பிடித்துக் காட்டினார். அதனால் அவர் வேலைக்குப் போய்ச் சேர வழக்கத்தைவிட அரை மணி முன்னதாகக் கிளம்ப வேண்டியதாயிற்று.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது முதல் பயிற்சி வைத்தார்கள். சங்கு ஊதினால் தெருவில் உள்ளவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு, காற்றுக்குக் குறுக்கே நடந்து, மேட்டுக்குப் போக வேண்டும். மாமாவும் துணை ஆளும் முகமூடியோடு உள்ளே போய் வால்வை மூட வேண்டும். வீட்டுக்கு வீடு ஆள் எண்ணும் வேலையை மருமகள் ஏற்றுக்கொண்டாள். தெருவை வரைபடமாகவே போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வீட்டில் எத்தனை பேர் என்று எழுதி வைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கு ஊதியது. நிலையத்து ஜன்னல் வழியாக மாமா பார்த்தார். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டும், வயதானவர்களைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டும் தெரு மேல்நோக்கி நகர்ந்தது. ஒருவர்கூடப் பள்ளத்துப் பக்கம் திரும்பவில்லை. மருமகள் துணியில் சுற்றிய குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, வேகமாக, ஓடாமல் நடந்து போனாள். அதைப் பார்த்த திருப்தியில் அவர் முகமூடியை இறுக்கிக்கொண்டு, துணை ஆளோடு உள்ளே நுழைந்தார்.

வால்வை மூடினார்கள். குச்சியால் சோதித்தார்கள். நாளேட்டில் எழுதினார்கள். முகமூடியைக் கழற்றிக் கழுவி, துடைத்து, கொக்கியில் மாட்டினார்கள். அவசரம் ஒன்றும் இல்லை, மக்கள் மேலே போய்ச் சேர்ந்தாயிற்று, பயிற்சி அவ்வளவுதான். இருவரும் ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்கள். முகம் கழுவிக்கொண்டு மாமா வெளியே வந்தபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

தெரு காலியாக இருந்தது. எல்லாக் கதவும் பூட்டியபடியே கிடந்தன. சலவைக்கடை அடைத்திருந்தது. யாரும் திரும்பி வரவில்லை.

மேலே யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்று அவருக்குப் பகீரென்றது. வயதானவர்கள் வெயில் தாங்காமல் விழுந்திருக்கலாம். குழந்தை! துணை ஆளை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினார். பாதி தூரத்தில் மூச்சு வாங்கியது, நிற்காமல் ஏறினார்.

பள்ளிக்கூட மைதானத்தில் மொத்தத் தெருவும் நின்றுகொண்டிருந்தது. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சிலர், முந்தானையைப் போட்டுக்கொண்டு சிலர். சலவைக்கடைக்காரர் அவரைப் பார்த்ததும் கையை ஆட்டினார். "சீக்கிரம் வாங்கய்யா! உங்க ரெண்டு பேருக்காகத்தான் காயறோம்!"

மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேரே மருமகளிடம் போனார். "என்னம்மா ஆச்சு? எல்லாரும் வந்தாச்சே, அப்பவே முடிஞ்சிடுச்சே. ஏன் இன்னும் வெயில்ல நிக்கிறீங்க?"

"முடியல மாமா" என்றாள் மருமகள். காகிதத்தை அவரிடம் நீட்டினாள். எல்லாக் கட்டத்திலும் பென்சில் குறி இருந்தது, இரண்டு கட்டங்களைத் தவிர. ஒன்று துணை ஆளின் வீடு. இன்னொன்று அவர்களுடைய வீடு. "நம்ம வீட்ல அஞ்சு பேர். நாலு பேர்தான் வந்திருக்கோம். நீங்க மேல வராம நான் எப்படிக் குறி போடறது?"

"நான் உள்ள போறவன்ம்மா. என்னை எதுக்கு எண்ணணும்?"

"அப்படின்னு யார் சொன்னது?" என்றாள் அவர் மனைவி.

மாமா தெருவைத் திரும்பிப் பார்த்தார். இருபத்தாறு வருடமாக அவரிடம் சண்டை போட்டவர்கள், குண்டு எப்போது வெடிக்கும் என்று கிண்டல் செய்தவர்கள், முகத்தில் வியர்வை வழிய நின்றுகொண்டிருந்தார்கள். கிளம்பலாம் என்று ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. அவரை யாரும் எந்த எண்ணிக்கையிலும் சேர்த்ததில்லை. அவரும் தன்னைச் சேர்த்துக்கொண்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார், வியர்வை என்று சொல்லிக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

துணை ஆள் தன் வீட்டார் பக்கம் போய் நின்றார். மாமாவும் நகர்ந்து, மகனுக்குப் பக்கத்தில், தன் வீட்டு வரிசையில் கடைசி ஆளாக நின்றார்.

"வந்துட்டேன்ம்மா" என்றார்.

மருமகள் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு, காகிதத்தில் அஞ்சு என்று எழுதிக் குறி போட்டாள்.